மைத்துனர் அனுப்பிய பதினைந்தும் இருபதும்

அன்பில் ஒருநாளும் குறை வைக்காத மைத்துனருக்கு, அத்தான் எழுதுவது.

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். நலம் என்று எழுதும்போது என் இடது காதுக்குள் ஏரித் தண்ணீர் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதையும், அக்கா என்னோடு மறுபடி பேசத் தொடங்கியிருப்பதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தே எழுதுகிறேன். அங்கே நீங்களும் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் தொலைபேசியில் உங்களையும் உங்கள் கடையையும் பற்றி நான் சொன்ன சில வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இந்தக் கடிதம். "மோசடி" என்பது அவற்றில் முதலாவது. மற்றவற்றை எழுத்தில் கொண்டுவர வேண்டாம் என்று நினைக்கிறேன். நீங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அத்தான், எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க" என்று மட்டும் சொன்னீர்கள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காததால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்காலம் முழுக்கத் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அது நின்றவுடன் பார்ப்பதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. ஏரிக்கரையில் வீடு இருக்கிறது, பக்கத்து வீட்டிலேயே உங்கள் தங்கையும் அவள் கணவரான என் சகலையும் இருக்கிறார்கள், ஆளுக்கொரு படகு வைத்துக்கொண்டால் பொழுது போகும் என்று தொடங்கியது இது. சகலை மெத்தைக் கடைக்காரர், கையில் காசு ஓட்டம் உள்ளவர், புதுப் படகே வாங்கிவிட்டார். நான் வாங்கியது ஒரு மருத்துவர் பல வருடம் மீன் பிடித்துவிட்டு விற்ற படகு. இரண்டுக்கும் எஞ்சின் வேண்டும் என்றபோது, மைத்துனர் படகு எஞ்சின் கடையிலேயே மேலாளராக இருக்கும்போது வேறு யாரிடம் போவது என்று உங்களுக்குச் சொல்லியனுப்பினோம். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி" என்று நான் குறிப்பாகச் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

பெட்டிகள் ஒரே வண்டியில் வந்தன. சகலையின் வாசலில் வைத்தே இரண்டையும் பிரித்தோம். ஒரே சாம்பல் நிறம், ஒரே உயரம், ஒரே கைப்பிடி, தண்ணீருக்குள் சுற்றும் விசிறிகூட ஒன்றுபோலவே இருந்தது. மூடியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எண்ணில்தான் கண் போய் நின்றது. அவருடையதில் இருபது, என்னுடையதில் பதினைந்து. குதிரைத்திறன். சகலை அதைப் பார்த்துவிட்டுச் சிரித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன், அவர் சிரிக்கவில்லை. "அஞ்சுதானே சகலை வித்தியாசம். வேணும்னா மாத்திக்கலாம்" என்றார். இதைவிடப் பெரிய அவமானத்தை ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதன் செய்ய முடியாது என்று அன்று எனக்குத் தோன்றியது. மாற்றிக்கொண்டால் எனக்கு அது வேண்டும் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா. "எனக்கு இதுவே அதிகம்" என்று சொல்லிவிட்டு, வேண்டாம் என்ற முகத்தோடு தூக்கிக்கொண்டு வந்தேன்.

தூக்கும்போதுதான் சந்தேகம் வந்தது. அவருடையதை இறக்கவும் நான்தான் ஒரு கை கொடுத்திருந்தேன். இரண்டும் ஒரே கனமாக இருந்தன. என் கை பொய் சொல்லாது. இருந்தாலும் கையை நம்பி நான் யார் மீதும் வழக்குப் போட்டதில்லை என்பதால் வெங்காய மண்டியின் பிளாட்பாரத் தராசுக்குக் கொண்டுபோனேன். சகலை தன் எஞ்சினையும் எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். அந்த மண்டிக்காரரின் எடைக்கல் ஒன்று அடியில் குடையப்பட்டிருந்ததை ஒரு காலத்தில் நான் பிடித்திருக்கிறேன். "இப்ப என் தராசை நம்புறீங்களா சார்?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டுக்கொண்டே எடை போட்டார். இரண்டுக்கும் முள் ஒரே இடத்தில் போய் நின்றது. எடை ஒன்று, உருவம் ஒன்று, எண் வேறு, விலை வேறு. வேலையில் இருந்திருந்தால் அங்கேயே சாட்சிகளை நிறுத்திப் பஞ்சநாமா எழுதியிருப்பேன். உங்களுக்கு நான் தொலைபேசியில் பேசியது அந்த மண்டியில் நின்றபடியேதான். பின்னால் வெங்காயச் சாக்குகள் இருந்ததால் கண்ணும் கலங்கியிருந்தது, அதைக் கோபத்தில் சேர்க்க வேண்டாம்.

பிறகு ஓட்டிப் பார்த்தோம். நானும் சகலையும் ஆளுக்கொரு படகில் தனியாகப் போனபோது இரண்டும் ஜோடியாகவே போயின. கைப்பிடியைப் பாதி திருப்பும்வரை எது பதினைந்து, எது இருபது என்று பெற்றவர்களுக்கே தெரியாது. எனக்கு மனம் கொஞ்சம் ஆறியது. ஞாயிற்றுக்கிழமை அவரவர் மனைவியை ஏற்றிக்கொண்டு, சாப்பாட்டுக் கூடை, தண்ணீர்க் கேன், மடக்கு நாற்காலி எல்லாம் வைத்துக்கொண்டு கிளம்பியபோதுதான் வந்தது வினை. நான் கைப்பிடியைக் கடைசிவரை திருப்பியும் என் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டே இருந்தது. சகலையின் படகு ஒரு உதறு உதறி, தண்ணீர்மேல் ஏறி, மேஜையில் தட்டு வழுக்குவதைப் போல வழுக்கிக்கொண்டு போய்விட்டது. போகும்போது உங்கள் தங்கை கையசைத்தாள். அவள் மனதில் ஒன்றும் இல்லை, கடந்து போகிறவர்கள் கையசைப்பது வழக்கம்தான். உங்கள் அக்காவும் பதிலுக்கு அசைத்தாள். நான் எரிபொருள் குழாயைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த நாளே மெக்கானிக்கிடம் போனேன். இங்கே ஒருவர் இருக்கிறார், எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பார், அதனால் ஊரில் அவருக்கு ஆயிடும் என்றே பெயர். இரண்டு எஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி மூடியைக் கழற்றினார். எனக்கு எஞ்சின் தெரியாது, ஆனால் ஒன்றுபோல் இருப்பதில் எங்கே வித்தியாசம் என்று தேடுவது என் தொழில். உருளை ஒன்று, பிஸ்டன் ஒன்று, பல்சக்கரம் ஒன்று. கடைசியில் கார்புரேட்டரில் வந்து நின்றோம். "எஞ்சினுக்கு இதுதான் மூச்சு சார். அவரோடது வாய் கொஞ்சம் அகலம், உங்களோடது கொஞ்சம் குறுகல். அதனால உங்களோடது கடைசி அவசரத்துல அவ்வளவு வேகமா சுத்தாது. மத்தபடி ரெண்டும் ஒரே தாய் வயித்துப் பிள்ளை" என்றார். அதாவது எனக்கு வந்திருப்பதும் இருபதுதான், மூக்கை லேசாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் அதிகமானதா, குறைந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அகல வாயை இதில் மாட்ட முடியுமா என்று கேட்டேன். ஆயிடும் என்றார். பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றியது அவரிடமே இருந்தது. எஞ்சினுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். "ஆகாது சார்" என்றார். ஆயிடும் என்பதைத் தவிர வேறு ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததே பெரிய உத்தரவாதமாக எனக்குப் பட்டது. படகுக்கு ஏதாவது ஆகுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர் அவர்.

அக்காவிடம் சொல்லவில்லை. மூடியில் பதினைந்து என்றே இருந்தது, உள்ளே இருபது ஓடியது. எனக்கு அதில் உறுத்தல் இல்லாமல் இல்லை. மேலே ஒரு கிலோ என்று எழுதி உள்ளே குறைத்துப் போட்டவர்களை எத்தனையோ பேரைப் பிடித்திருக்கிறேன். மேலே குறைத்து எழுதி உள்ளே கூடுதலாகப் போட்டவன் மேல் என்ன பிரிவில் நடவடிக்கை எடுப்பது என்று யோசித்துப் பார்த்தேன், அப்படி ஒரு பிரிவே இல்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

இந்த நேரம் பார்த்து எங்கள் மகளும் மருமகனும் எதிர்க்கரையில் வீடு பார்த்துக் குடிபோனார்கள். சாலை வழியாகப் போனால் ஏரியை முழுக்கச் சுற்ற வேண்டும் என்பதால் சாமான்களைப் படகிலேயே கடத்திவிடலாம் என்று முடிவாயிற்று. மெத்தை, பாத்திரப் பெட்டி, துணி மூட்டை, அப்புறம் அந்த மர அலமாரி. உங்களுக்குத் தெரியும், எங்கள் கல்யாணத்தின்போது வாங்கியது, கதவில் கண்ணாடி பதித்தது. சகலை அலமாரியைத் தன் படகில் ஏற்றச் சொன்னார். "ஏங்க, அவர் சொல்றதும் சரிதானே" என்றாள் அக்கா. நான் அலமாரி என் படகில்தான் போகும் என்றேன். எதற்கு என்று கேட்டாள். என் மகளுடைய அலமாரி என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அலமாரியைப் படுக்கவைத்துக் கட்டினோம். அக்கா முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். மெத்தையும் மூட்டைகளும் சகலையின் படகில், உங்கள் தங்கை மெத்தைமேல் உட்கார்ந்திருந்தாள்.

ஏரியின் நடுப்பகுதி வரைக்கும் நான் ஒழுங்காகவே போனேன். அங்கே சகலை எனக்குச் சற்று முன்னால் இருந்தார். நான் கைப்பிடியைக் கடைசிவரை திருப்பினேன். படகின் மூக்கு எழும்பியது, எழும்பிக்கொண்டே போனது, வானம் தெரிந்தது, வானத்துக்குக் கீழே அக்காவின் முதுகு தெரிந்தது. அலமாரி ஒரு சாண் என் பக்கம் நகர்ந்தது. கட்டை உடைகிற சத்தம் கேட்டது. எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருக்கும் பின்பலகை, மருத்துவர் காலத்துப் பலகை, மேலிருந்து கீழாக விரிந்திருந்தது. எஞ்சின் சாய்ந்து ஆடியது. "ஏங்க, அதக் குறைங்க" என்று அக்கா திரும்பாமலே சொன்னாள், குரலை உயர்த்தக்கூட இல்லை. நான் ஒரேயடியாகக் குறைத்தேன். அது இரண்டாவது தவறு. படகு சட்டென்று உட்கார்ந்தது, எங்களுக்குப் பின்னால் நானே எழுப்பிக்கொண்டு வந்த அலை நிற்காமல் வந்து, விரிந்த பலகை வழியாக உள்ளே ஏறிவிட்டது. படகு மூழ்கியது என்று சொல்ல முடியாது, விளிம்பு வரைக்கும் தண்ணீரோடு நின்றது. நாங்கள்தான் அதில் இல்லை.

மைத்துனரே, இதுவரை நான் எழுதியதைப் படித்து நீங்கள் சிரித்திருப்பீர்கள், சிரிக்கலாம். இந்த இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது படகு தெரிந்தது, மிதக்கும் அலமாரி தெரிந்தது, அக்காவைக் காணவில்லை. இரண்டு பேரும் மிதவைச் சட்டை போட்டிருந்தோம் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மறுபடி கூப்பிட்டேன், தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டேன். அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "இங்கதான் இருக்கேன். கத்தாதீங்க." சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால் அலமாரியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல மிதந்துகொண்டிருந்தாள்.

சகலை திரும்பி வந்தார். இருபது குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் அவ்வளவு மெதுவாக வர முடியும் என்று நான் நினைத்ததில்லை. எங்களுக்குப் பக்கத்தில் வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் நெருங்கி, முதலில் அக்காவை ஏற்றினார், பிறகு என்னை. பிறகு என் படகுக்கும் அலமாரிக்கும் கயிறு கட்டி, நடந்து போனால் நாம் முந்திவிடலாம் என்ற வேகத்தில் இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஈரத்தில் மெத்தை நனைந்துவிட்டதே என்று நான்தான் பேச்சைத் தொடங்கினேன். "கடையில வேற இருக்கு சகலை" என்றார்.

கரையில் உங்கள் தங்கை துண்டு கொடுத்தாள். அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே என் எஞ்சினைப் பார்த்தாள். அதன் எண்ணைப் பார்த்தாள். "பதினஞ்சு இப்படிப் போகாதே" என்றாள். நான் கார்புரேட்டர் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "தம்பிகிட்ட பதினஞ்சு போதும்னு சொன்னது நான்தான். நம்ம படகு பழசு, அதோட பலகையில பதினஞ்சுக்கு மேல கூடாதுன்னு தகடே அடிச்சிருக்கு, நீங்க பாக்கல. அதுகூட அப்புறம்தான். எவ்வளவு குடுத்தாலும் நீங்க கடைசி வரைக்கும் திருப்புவீங்க. கடைசி வரைக்கும் திருப்பினாலும் வீடு வந்து சேர்ற அளவு எதுன்னு பாத்து வாங்கச் சொன்னேன்."

சகலை கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்கா மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அலமாரி காய வேண்டும் என்று காரணம் சொன்னாள். அலமாரி காய்ந்த பிறகும் வரவில்லை. நான் இங்கே ஒற்றை ஆளாகச் சமைத்து, ஒற்றை ஆளாகச் சாப்பிட்டுக்கொண்டு, ஆயிடும் மெக்கானிக்கை வைத்து எஞ்சினுக்குள் போன தண்ணீரை வடித்து, எண்ணெய் மாற்றி, குறுகல் வாயையே திரும்ப மாட்டினேன். பின்பலகையும் புதிதாகப் போட்டாயிற்று. வேலை முடிந்ததும் அந்த அகல வாயைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஏரியை மிதமான வேகத்தில் கடந்து, மகள் வீட்டுக்குப் போனேன். அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத வெச்சு நான் என்ன பண்றது?" என்று கேட்டாள். என்ன வேண்டுமானாலும் செய், என் கையில் மட்டும் திரும்பக் கொடுக்காதே என்றேன். மகளின் சமையலறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது, அதற்கு இதையே முட்டாக வைத்தாள். பிறகு மாற்றுப் புடவையை எடுத்துக்கொண்டு படகில் வந்து உட்கார்ந்தாள். பாதி வழி வந்ததும், "இன்னும் கொஞ்சம் வேகமாப் போகலாம், தப்பில்ல" என்றாள். கொஞ்சம்தான் திருப்பினேன்.

ஆகவே மைத்துனரே, உங்கள் கடையில் பதினைந்துக்கும் இருபதுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கிழவர் வந்து சண்டை போட்டால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் விளக்கம் தருகிறேன். ஆள் குறைவு, அவசரம் இல்லை, படகு பழசு என்றால் பதினைந்து. சுமை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டும், பின்பலகையும் தாங்கும் என்றால் இருபது. நடுவில் புகுந்து மூக்கை அகலப்படுத்துவது நமக்கு வேண்டாத வேலை. எனக்குப் பதினைந்தே போதும், உண்மையாகவே போதும், முகத்துக்காகச் சொல்லவில்லை. இனி நானே உங்களைக் கூப்பிட்டு இருபது கேட்டாலும் அனுப்ப வேண்டாம். இதை எழுத்து மூலமான உத்தரவாகவே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, பெரியவர்கள் சொல்வதை ஒரு தடவையிலேயே கேட்கிற குணத்தோடு வளர என் ஆசிகள். உங்கள் கடை ஓங்கட்டும், சொன்ன சொல்லை மனதில் வைக்காத உங்கள் நல்ல குணமும் ஓங்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மேல் கோபம் தீர்ந்த அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில் ஒன்று நடந்துவிட்டது. இன்று காலை சகலைக்கு இடுப்புப் பிடிப்பு என்பதால், மகளுக்குத் திரைச்சீலை கொண்டுபோக அக்காவும் உங்கள் தங்கையுமாகச் சகலையின் படகை எடுத்துக்கொண்டு போனார்கள். ஓட்டியது அக்கா. திரும்பி வரும்போது தலை கலைந்து, முகமெல்லாம் தண்ணீர் தெறித்து, கல்யாணப் படத்தில்கூட நான் பார்க்காத ஒரு சிரிப்போடு இறங்கினாள். "பாதி வரைக்கும்தான் திருப்பினேன். அதுக்கு மேல என்ன இருக்குன்னு பாக்கணும்னு தோணுச்சு. பாத்தேன்" என்றாள். உங்கள் தங்கை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் அக்கா புதுப் பின்பலகையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்து, அதில் இருபது வரை தாங்கும் என்று புதிதாக அடித்திருக்கும் தகட்டையும் படித்துவிட்டு, "தம்பிக்கு எழுதிட்டீங்களா? எழுதலன்னா சேத்து எழுதுங்க" என்று சொல்லி இப்போது என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். எனவே மேலே எழுதியவை அனைத்தும் ரத்து. உடனே இருபது ஒன்று அனுப்பவும், அக்கா பெயருக்கு; சகலையுடையதை மாற்றிக்கொள்ளலாமே என்றேன், தன் பெயரில் புதிதாகவே வேண்டுமாம். பதினைந்தைச் சகலைக்குத் தள்ளிவிடலாம், உங்கள் தங்கை இப்போது அதைத்தான் நல்ல எஞ்சின் என்கிறாள். அக்கா அடுப்பைப் பார்க்க உள்ளே போயிருக்கிறாள், அதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன்: உங்கள் கடையில் இருபத்தைந்து என்று ஒன்று இருப்பதைப் பற்றி அவளிடம் மூச்சு விட்டுவிடாதீர்கள்.